தண்ணீர்க் கழிவு: ஈரத்தை அளந்த வரலாறு பற்றி ஒரு குறிப்பு

மே மாதம் பிறந்துவிட்டால் மஸ்கெலியாவில் மழைக்கு ஓய்வில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாவா ஆதம் மலையில் மோதிக் கொட்டும் நீர், ஓடை ஓடையாக இறங்கி மஸ்கெலி ஓயாவில் சேர்ந்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நிற்கும். 1969இல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீருக்குள் போயிற்று. என் மூத்தவாப்பாவின் பலசரக்குக் கடையும் அதனோடு போயிற்று. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது, கோயில் இருந்த இடம் இது, விகாரை இருந்த இடம் இது, பள்ளிவாசல் இருந்த இடம் இது என்று ஊர் மூத்தவர்கள் கரையில் நின்று கைகாட்டுவார்கள்.

அணைக்கட்டில் நீர்மட்டத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. நாள்தோறும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். மின்சாரம் பிறப்பிக்கும் நீர் ஆகையால் அதில் ஓரங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு உண்டு. ஆனால் அதே மழை தேயிலைக் கொழுந்தின் மேல் விழுந்து ஒட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று என்னிடம் கேட்டவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலை தோட்டத்துப் பிள்ளைகளின் பாடசாலை. ஒருநாள் திரவங்களின் கனவளவு பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அளவுச்சாடியில் நீரின் மட்டத்தை எந்த இடத்தில் பார்த்து வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சேர், நேத்து அம்மா எடுத்த கொழுந்து இருபத்தொரு கிலோ. தண்ணின்னு சொல்லி ரெண்டு கிலோ வெட்டிட்டாங்க. அந்த ரெண்டு கிலோவ எதுல ஊத்திப் பாத்தாங்க சேர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தாய் வேலை செய்யும் தோட்டத்தில் அன்று பேர் விழ இருபது கிலோ எடுக்க வேண்டும். இருபத்தொன்றில் இரண்டு போனால் பத்தொன்பது. பத்தொன்பதுக்கு அரைப்பேர்தான். அதாவது, யாரும் கண்ணால் காணாத இரண்டு கிலோ தண்ணீருக்காக அந்த வீட்டில் அரைநாள் கூலி இல்லாமற் போயிற்று. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை உட்காரச் சொன்னேன். அந்தத் தேடல்தான் இக்கட்டுரை.

மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கொழுந்து நிறுக்கும் இடத்தை மடுவம் என்பார்கள். மலையிலிருந்து கூடையையோ சாக்கையோ சுமந்து வந்து மடுவத்துத் தராசில் வைப்பார்கள். காட்டும் நிறையிலிருந்து சாக்கின் நிறை கழியும். முற்றல் இலை இருந்தால் அதற்கும் கழியும். மழைநாளில் தண்ணீருக்கும் கழியும். சாக்கைத் தனியே நிறுத்துப் பார்க்கலாம். முற்றல் இலையைப் பொறுக்கி எடுத்துக் காட்டலாம். தண்ணீரை மட்டும் யாரும் பிரித்துக் காட்டியதில்லை. இப்போது பல தோட்டங்களில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அது தசம தானம் வரை நிறை காட்டும். கழிவு மட்டும் இன்னும் முழு எண்ணில், கண் மதிப்பில்தான் நடக்கிறது.

உண்மையில் தேயிலைத் தொழில் என்பதே இலையிலிருந்து நீரை வெளியேற்றும் தொழில். பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். வாட்டும் தட்டுகளில் காற்றோட்டத்தில் கிடந்து அதில் ஒரு பகுதி போகும். பின்னர் அரைத்து, புளிக்கவிட்டு, வறுசூளையில் சூடான காற்றைச் செலுத்தி மிச்ச நீரையும் ஓட்டினால், முடிவில் தூளில் நிற்பது 3 வீதம் அளவு ஈரம் மட்டுமே. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து தேவைப்படுவது இதனால்தான். தூளில் ஈரம் ஏறிக்கொண்டே போய் 7 வீதத்தை ஒட்டினால் மணம் கெட்டுப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நமது தேயிலையை நெடுங்காலமாக விரும்பி வாங்குவோர் ஈராக், ஈரான், துருக்கி, லிபியா போன்ற தூரதேசத்தவர்கள். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்து போகும் பெட்டிக்குள் ஒரு வீத ஈரம் கூடினாலும் நட்டம் விற்பவனுக்கே.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தமது பங்களாவின் விறாந்தையில் கையால் இலையைத் தேய்த்து, களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார். ஈரம் போய்விட்டதா என்று சொல்ல அவரிடம் இருந்த கருவிகள் கையும் மூக்கும்தான். 1877இல் சாமுவேல் டேவிட்சன் என்பவர் சூடான காற்றை மேல்நோக்கிச் செலுத்தித் தேயிலை உலர்த்தும் பொறி ஒன்றை ஆக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சிரொக்கோ'. சஹாராவிலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் வெப்பக்காற்றின் இத்தாலியப் பெயர் அது. அதன் வேர், கிழக்கு என்று பொருள்படும் 'ஷர்க்' என்னும் அறபுச் சொல். மலையகத்து ஸ்டோர்களில் கொழுந்தைக் காயவைத்த பொறி இப்படி ஓர் அறபுப் பெயரைச் சுமந்து வந்தது.

நீரை ஓட்டுவது ஒன்று, எஞ்சிய நீரை அளப்பது வேறொன்று. தேயிலையின் ஈரத்தை அளக்கச் சர்வதேச நியமம் சொல்லும் வழி எளிதானது. தூளை நிறுத்து, 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில் வைத்து, நிறை மாறாது நிற்கும்வரை உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுவே ஈரம். ஆனால் இந்த வழியில் ஓர் ஓட்டை உண்டு. அடுப்பு காட்டுவது இழப்பை, நீரை அல்ல. போனது அனைத்தும் நீர்தான் என்பது நாம் எடுத்துக்கொள்ளும் ஊகம். தேயிலையில் அந்த ஊகம் பெரிதாகப் பிழைப்பதில்லை. வாசனைச் சரக்கில் பிழைத்துவிடும்.

என் மூத்தவாப்பா கராம்பு வாங்கினால் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பாராம். ஏலத்தைக் காதருகே குலுக்கிப் பார்ப்பாராம். ஈரக் கராம்பை வாங்கிக் காயவைத்தால் மூடைக்கு எத்தனை இறாத்தல் குறையும் என்பது அவருக்குப் பல்லிலேயே தெரியும் என்று வாப்பா சொல்வார். அந்தக் கராம்பை ஆய்வுகூட அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? கராம்பின் நிறையில் 15 வீதத்துக்கு மேலும் ஆவியாகும் எண்ணெய் இருக்கலாம். நீரோடு அதுவும் பறக்கும். இரண்டையும் சேர்த்து அடுப்பு 'ஈரம்' என்று காட்டும். நல்ல சரக்கு எவ்வளவு மணமுள்ளதோ அவ்வளவு ஈரமுள்ளதாகத் தோன்றும். விற்பவனுக்கு இதைவிட அநியாயம் வேறென்ன?

ஆகவே நீரை நீராகவே பிடித்து, கண்ணுக்கு முன் வைத்து அளக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழி காய்ச்சி வடித்தல். அதன் வரலாறு நமது வாசகர்களுக்கு அந்நியமானதல்ல.

வடிகலத்தை ஆங்கிலத்தில் 'அலெம்பிக்' என்பார்கள். அது 'அல்-அன்பீக்' என்ற அறபுச் சொல்லின் திரிபு. அறபியருக்கு அச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'அம்பிக்ஸ்' என்றால் கிண்ணம். அலெக்சாந்திரியாவின் பழைய இரசவாதிகளிடமிருந்து பெற்ற கலையைக் கூபாவிலும் பக்தாதிலும் இருந்தோர் வளர்த்தெடுத்தனர். 8ஆம் நூற்றாண்டின் ஜாபிர் இப்னு ஹையான் பெயரில் வழங்கும் நூல்கள் பல. அவை எல்லாம் அவரே எழுதியவையா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், வடித்தல் அக்காலத்திலேயே வழக்கமான செய்முறையாகியிருந்தது என்பதற்கு அவை சான்று. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி, நறுமணமும் வடிநீரும் பற்றித் தனி நூல் செய்து நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளைத் தந்தார். 925இல் காலமான அர்-ராஸி தமது இரகசியங்களின் நூலில் ஆய்வுகூடக் கருவிகளைப் பட்டியலிட்டார். கீழ்க்கலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'கர்உ'. சுரைக்காய் என்று பொருள். அதன் தலையில் அன்பீக் அமரும். ஆவி ஏறி, குளிர்ந்து, மூக்கு வழியாகச் சொட்டும். அந்தச் சொட்டுக்கு 'அரக்' என்று பெயர். அறபியில் அதற்கு வியர்வை என்று பொருள். நமது சித்த வைத்தியர்கள் 'வாலை' என்று அழைக்கும் கலமும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

அன்பீக்கால் பன்னீரும் அத்தரும் எடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது வடித்த பொருள். எவ்வளவு வடிந்தது என்ற எண்ணையே நோக்கமாகக் கொண்டு வடிக்கும் காலம் பின்னரே வந்தது. அதற்குக் காரணமானது பன்னீர் அல்ல, மண்ணெண்ணெயின் தாய்.

நிலத்திலிருந்து எடுக்கும் மசகெண்ணெயில் நீர் நுண்துளிகளாகக் கலந்திருக்கும். பீப்பாய் கணக்கில் வாங்குபவன் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க விரும்பமாட்டான். விற்பவனோ உள்ள எண்ணெய்க்கு ஒரு துளியும் விட்டுக்கொடுக்க மாட்டான். 1920இல் ஐக்கிய அமெரிக்காவின் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த டீன், ஸ்டார்க் என்ற இருவர் இதற்கு ஒரு கண்ணாடிக் கருவியை வெளியிட்டனர். கரைப்பான் சேர்த்து வடித்து நீரைப் பிரிக்கும் யோசனை அவர்களுக்கு முன்னரும் இருந்தது. வடிந்த கரைப்பான் தானாகவே குடுவைக்குத் திரும்பும்படி செய்தது அவர்களுடைய கைத்திறன்.

நான் அந்தக் கருவியை முதன்முதலில் கண்டது ஆசிரியர் கலாசாலையில். ஆய்வுகூட அலுமாரியின் மூலையில், பக்கக்கை ஒன்றுடன், கோடுகள் பொறித்த ஒரு சிறு கண்ணாடிக் குழாய் கிடந்தது. குடுவையோ ஒடுக்கியோ இல்லை. தனிக் குழாய்தான். விரிவுரையாளர் அதைக் கையில் எடுத்து, கரும்பலகையில் படம் கீறி விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது.

குடுவைக்குள் நிறுத்தெடுத்த மாதிரியைப் போட்டு அதன்மேல் தொலுயீன் ஊற்றுவார்கள். தொலுயீன் நீரோடு கலக்காது, நீரிலும் இலேசானது. தனியே அது 111 பாகையளவில் கொதிக்கும். நீரோடு சேர்ந்திருக்கும்போது இரண்டும் கைகோத்துக்கொண்டு 85 பாகையை ஒட்டியே ஆவியாகிவிடும். ஆவி மேலே போய் ஒடுக்கியில் குளிர்ந்து, கோடுகள் பொறித்த குழாய்க்குள் சொட்டும். நீர் பாரமானதால் அடியில் தங்கும். தொலுயீன் மேலே மிதந்து, குழாய் நிறைந்ததும் பக்கக்கை வழியாகக் குடுவைக்கே வழிந்து திரும்பும். மறுபடி கொதித்து, மாதிரியில் எஞ்சிய நீரை அழைத்துக்கொண்டு மறுபடி ஏறும். அடியில் தங்கிய நீரின் மட்டம் இனி உயராது என்ற நிலை வரும்வரை இப்படியே நடக்கும். பின்னர் கோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான். 20 கிராம் கராம்பிலிருந்து 2 மில்லிலீற்றர் நீர் இறங்கினால் ஈரம் 10 வீதம். வாசனை எண்ணெய் ஆவியாகி வந்தாலும் தொலுயீனோடு கரைந்துவிடும். நீரோடு சேர்ந்து ஏமாற்றாது. ஒடுக்கியின் சுவரில் ஒரு துளி நீர் ஒட்டிக்கொண்டாலும் கணக்குப் பிழைக்கும் என்பதால் கண்ணாடியை எண்ணெய்ப் பசையின்றிக் கழுவுவதே இவ்வேலையில் பாதி.

1925இல் பிட்வெல், ஸ்டெர்லிங் என்ற இருவர் இம்முறையை உணவுப் பொருட்களுக்கு ஏற்றவாறு அமைத்தனர். வாசனைச் சரக்குகளின் ஈரத்தை அளக்கும் சர்வதேச நியமமும் இந்த வழியில்தான் நிற்கிறது. தற்செயலாக, நமது தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோற்றுவிக்கப்பட்டதும் அதே 1925இல்தான். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அது இன்றும் இயங்குகிறது. 1935இல் ஜேர்மானியரான கார்ல் பிஷர், அயடீன் நீரோடு தாக்கமுறுவதைக் கொண்டு இன்னும் நுண்ணிய முறை ஒன்றைத் தந்தார். பத்து இலட்சத்தில் சில பங்கு நீரைக்கூட அதனால் அறியலாம். ஆயினும் டீன்-ஸ்டார்க் குழாய் வழக்கொழியவில்லை. நீரை அது கண்முன்னே காட்டுகிறது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே நான் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்பும் விடயம் ஒன்றுண்டு. எண்ணெய் வியாபாரத்தில் இன்றும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. ஆனால் முதலில் மாதிரி எடுத்து, நீரை வடித்து அளந்து, அதன் பிறகே கழிக்கிறார்கள். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நியமப்படியே அது நடக்கிறது. ஒரு கப்பல் எண்ணெய்க்கு இந்த மரியாதை. ஒரு கூடைக் கொழுந்துக்கு அது இல்லை.

நியாயமான அளவை என்பது நமது மரபில் வியாபார நுணுக்கம் மட்டுமல்ல. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கவென்றே அல்குர்ஆனில் ஓர் அத்தியாயம் அப்பெயரால் அமைந்திருக்கிறது. ஷுஐப் நபியின் சமூகத்தார் கண்டிக்கப்பட்டதும் நிறுவைக்காகத்தான். சந்தையைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட முஹ்தஸிப்புகளுக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களில், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அறியும் வழிகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு மயிரைப் பாலில் தோய்த்து எடுத்தால், கலப்பற்ற பால் அதில் ஒட்டி நிற்குமாம். தண்ணீர் கலந்தது நிற்காதாம். 1121இல் மர்வ் நகரத்து அல்-காஸினி 'ஞானத் தராசின் நூல்' என்ற பெரும் நூலைச் செய்து, பொருளை நீரில் அமிழ்த்தி நிறுத்து, பொன்னில் கலப்படம் இருப்பதைக் கண்டுபிடிக்கும் தராசை விவரித்தார். ஊகத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்காமல் கருவியால் உண்மையைக் காண வேண்டும் என்ற எண்ணமே இவற்றில் எல்லாம் ஓடுகிறது.

சரி, என் மாணவிக்கு என்ன சொன்னேன்? எங்கள் பாடசாலையில் டீன்-ஸ்டார்க் கருவி இல்லை. இருந்தாலும், எளிதில் தீப்பற்றும் தொலுயீனைப் பிள்ளைகள் நடுவே கொதிக்க வைக்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கருவி மடுவத்துக்குப் பயன்படாது. கொழுந்தின் மேல் ஒட்டிய மழைநீரையும் கொழுந்தின் உடம்புக்குள் இருக்கும் நீரையும் அது பிரித்தறியாது, இரண்டையும் வடித்துவிடும். மடுவத்தில் கழிக்க வேண்டியது மேலே ஒட்டிய நீரை மட்டும்தான். உள்ளே இருப்பது இலையின் சொந்த நீர்.

ஆகவே வகுப்பில் வேறொன்று செய்தோம். ஈரமில்லாத கொழுந்தை நிறுத்தோம். தண்ணீரில் முக்கி எடுத்து, உதறி, மறுபடி நிறுத்தோம். பின்னர் பழைய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுத்து மூன்றாம் முறை நிறுத்தோம். ஒற்றிய பின் நிறை ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்தது. ஆனால் எத்தனை தடவை உதறினோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது நிறை ஒவ்வொரு குழுவுக்கும் வேறாக வந்தது. இளங்கொழுந்துக்கு ஒன்று, அகன்ற இலைக்கு ஒன்று. ஒரு பையன் உதறவே இல்லை, அவனுடையதே அதிகம். பிள்ளைகள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் கழிப்பது எவருக்கும் சரியாக இருக்காது.

மறுபக்க நியாயத்தையும் அவர்களுக்குச் சொன்னேன். நனைந்த கொழுந்து வாட நேரம் எடுக்கும். விறகும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். மழைநீரைக் கொழுந்து விலைக்கு வாங்கும்படி எந்தத் தோட்டத்தையும் கேட்க முடியாது. கழிவு கூடாது என்பதல்ல விடயம். அளக்காத கழிவு கூடாது. மடுவத்தில் ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து நிறுத்து, ஒற்றி, மறுபடி நிறுத்து, அந்த விகிதத்தில் கழித்தால் போதும். ஒரு சிறு தராசும் ஒரு துணியும் தேவை. நிறுத்துப் பார்ப்பதை, கொழுந்தெடுத்தவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் தங்கியிருப்பது ஒரு வீட்டின் அரைநாள் கூலி.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தபோது, அதன்பின் பல தோட்டங்களில் பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டனர். கூலியை எத்தனை தடவை உயர்த்தினாலும் அது கடைசியில் தராசுத் தட்டில்தான் வந்து நிற்கிறது. தராசைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

அடுத்த வாரம் அந்த மாணவி பாடசாலைக்கு வந்தபோது கொப்பியில் ஒரு பக்கம் முழுவதும் எண்கள். வீட்டில் சீனி நிறுக்கும் சிறு தராசை அயல் கடையில் இரவல் வாங்கி, லயத்து வாசலில் தாயோடு உட்கார்ந்து ஒரு பிடிக் கொழுந்தை நிறுத்து, ஒற்றி, நிறுத்திருக்கிறாள். கழித்தல் கணக்கில் ஓரிடத்தில் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

"இத அம்மா மடுவத்துல காட்டலாமா சேர்?" என்று கேட்டாள்.

காட்டலாம் என்றேன். தேவைப்பட்டால் நானும் வருகிறேன் என்றும் சொன்னேன்.